ஏட்டு அலையும் எவர்சில்வர் டப்பாவும்

‘மின்காந்த அலைகளின் பண்புகள் யாவை?’ இயற்பியல் மாணவர் எவரும் உறக்கத்திலும் இக்கேள்விக்கு விடை சொல்வர். நானும் சொல்வேன், எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது என் அறிவு அன்று, வெறும் மனப்பாடமே என்பதைச் சென்ற பருவத்தில் ஒரு பிற்பகல் வகுப்பு எனக்கு உணர்த்தியது.

அன்று எங்கள் பேராசிரியர் குறிப்பேட்டுடன் வரவில்லை. மத்திய அலை எடுக்கும் சிறு டிரான்சிஸ்டர் வானொலி, மண்பானை, இறுக மூடும் எவர்சில்வர் டப்பா ஆகியவற்றோடு வந்தார். வானொலியைப் பானைக்குள் வைத்து மூடினார்; பாட்டு மெல்லக் கேட்டது. “டப்பாவில் வைத்தால்?” என்றார்.

“அப்படியேதான் கேட்கும், ஐயா” என்று முந்திக்கொண்டேன்.

கடைசி வரிசை நண்பர் ஒருவர் எழுந்தார். “கேட்காது, ஐயா. மாலையில் நான் வேலை பார்க்கும் பட்டறை தகரக் கொட்டகை. உள்ளே வானொலி சரியாக எடுப்பதே இல்லை.”

டப்பா மூடப்பட்டது, பாட்டு நின்றது. சென்ற தேர்வில் அந்நண்பரைவிட எனக்கு முப்பது மதிப்பெண் அதிகம்!

நான் விடவில்லை. “மூடி ஒலியைத் தடுத்திருக்கலாமே?” என்றேன். பேராசிரியர் மகிழ்ந்து, மணியடிக்கும் கடிகாரத்தை அதே டப்பாவில் மூடிவைத்தார். மணி நன்றாகவே கேட்டது. ஆகவே, தடைபட்டது ஒலியன்று, வானொலி அலையே.

அடுத்து, கொசுவலைக் கம்பியால் செய்த கூண்டு. உள்ளிருந்த வானொலி கண்ணுக்குத் தெரிந்தது, பாடவில்லை. ஒளி நுழையும் துளையில் அந்த அலை ஏன் நுழையவில்லை? 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். ஒளியலையின் நீளமோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 2000-இல் ஒரு பங்கு. கரும்பலகையில் பலமுறை எழுதிய எண்கள் அன்றுதான் எனக்குப் பொருள்பட்டன.

‘இது பள்ளிச் சிறுவர் விளையாட்டு, பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?’ எனச் சிலர் கேட்கலாம். 1888-இல் ஹெர்ட்ஸ், துத்தநாகத் தகட்டில் அலையை எதிரொளிக்கச் செய்தது கார்ல்ஸ்ரூவேயின் விரிவுரைக் கூடத்தில்தான். 1898-இல் ஜகதீச சந்திர போஸ், முறுக்கிய சணலைக் கொண்டே மின்னலையின் தளவிளைவுத் தளம் திரும்புவதைக் காட்டினார். சணலும் தகடும் அவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

என் வேண்டுகோள் பெரிதன்று. ஒவ்வோர் அலகிற்கும் ஒரு மணி நேரம் இத்தகைய செய்முறைக்கு ஒதுக்குக. செய்து காட்டுமுன் மாணவர் ஒவ்வொருவரும் தம் கணிப்பை எழுதித் தருக. கணிப்பு தவறினால் மதிப்பெண் குறைக்க வேண்டாம். ஏன் தவறியது என்று விளக்குபவருக்கு அக மதிப்பீட்டில் மதிப்பெண் தருக. அவ்வாறு செய்தால், பட்டறையில் கற்றவருக்கும் வகுப்பில் வாய் திறக்க இடம் கிடைக்கும். மனப்பாடம் செய்தவருக்கும் தம் அறியாமை தெரியவரும்.

எழுதி வாங்கிய மதிப்பெண்கள் எனக்கு நினைவில்லை. அன்று தவறாகச் சொன்ன விடையை மட்டும் நான் மறக்கவில்லை.