பிளைவீலைக் கடைசல் பிடிக்காதீர்கள்!

சின்ன வண்டிதான். ஆனால் சேற்றில் இறங்கும். மணலில் ஓடும். ஆடு ஏறுகிற பாறையிலும் ஏறும். அதுதான் மாருதி ஜிப்சி.

1985-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்த வண்டி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் "ஜிம்னி" என்றும் அமெரிக்காவில் "சாமுராய்" என்றும் ஓடிய சுசூகி வண்டிகளின் உடன்பிறப்பு இது. முதலில் 970 சி.சி. என்ஜின், 45 குதிரை சக்தி. 1996-ல் 1,300 சி.சி. என்ஜின் வந்தது. 2000-ல் அதுவே 80 குதிரை சக்தி ஆயிற்று. ராணுவம் இதில் போயிற்று. போலீஸ் போயிற்று. புலிக் காடு பார்க்கப் போகிறவர்களும் இதன் திறந்த முதுகில்தான் உட்கார்ந்து போகிறார்கள்.

2019-ல் பொதுமக்களுக்கு விற்பது நின்றுவிட்டது. விற்பனை நின்றதே தவிர, வண்டிகள் நிற்கவில்லை. பழைய ஜிப்சியைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வாங்கியவுடன் சும்மா இருக்கிறார்களா? பெரிய டயர் போடுகிறார்கள். பலேனோ காரின் 1,600 சி.சி. என்ஜினைத் தூக்கி வைக்கிறார்கள். பிறகு ஒருநாள் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய நாற்றம் வருகிறது.

"கிளட்சையும் பிளைவீலையும் மாற்றிவிடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். "பிளைவீலைக் கடைசல் பிடித்து எடை குறைத்தால் வண்டி குதிரை மாதிரி பாயும்" என்கிறார் நண்பர்.

முன்னவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பின்னவர் சொல்வதைக் கேட்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன். மலைச் சரிவில் பெண்டு பிள்ளைகளோடு போகும்போது கிளட்ச் கைவிட்டால், அப்புறம் என்ஜின் இருந்தும் இல்லாததுபோலத்தான். பிரேக் ஒன்றுதான் கதி. ஆகவே இது வண்டிப் பைத்தியங்களின் விஷயம் மட்டும் அல்ல. பின் சீட்டில் உட்காருகிற தாய்மார்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

தையல் மெஷினைப் பாருங்கள்

பிளைவீல் என்றால் என்ன? உங்கள் வீட்டில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் இருந்தால், கீழே ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருக்கும். மிதியை ஒரு தரம் அமுக்கினால் சக்கரம் சுற்றும். கால் மேலே வருகிற நேரத்தில் யார் சுற்றுகிறார்கள்? யாரும் இல்லை. சக்கரத்தின் கனமே அதைச் சுற்ற வைக்கிறது. குயவர் சக்கரமும் அப்படித்தான். கோலால் வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். பானை வனையும் வரை சக்கரம் ஓடும்.

மோட்டார் என்ஜினும் விட்டு விட்டுத்தான் மிதிக்கிறது. நாலு சிலிண்டர் என்ஜினில், அச்சு அரைச் சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு தரம் பெட்ரோல் வெடிக்கிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே வண்டியைத் தாங்கிப் பிடிப்பது பிளைவீல். வேகமாக ஓடும்போது வெடிப்புகள் மளமளவென்று வரும்; பிளைவீலின் உதவி அதிகம் வேண்டாம். பாறையில் ஆமைபோல ஊரும்போதுதான் அது வேண்டும்.

அப்போதுதான் அதனிடம் சரக்கும் குறைவு. சுற்றும் வேகம் பாதியானால், சக்கரத்தில் சேர்ந்திருக்கும் சக்தி கால்வாசி ஆகிவிடும். நிமிஷத்துக்கு 1,600 சுற்றில் 4 பங்கு இருந்தால், 800 சுற்றில் 1 பங்குதான் இருக்கும். இருக்கிற அந்த ஒரு பங்கையும் கடைசல் பிடித்துச் சீவி எறிந்தால் என்ன மிஞ்சும்? கல் இடித்ததும் என்ஜின் 'டப்'பென்று நிற்கும். நின்றால் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சரிவில் ஸ்டார்ட் செய்யும்போது வண்டி பின்னால் உருளும்.

இன்னொன்று. கடைசல் பிடிக்கிறவர்கள் விளிம்பில்தான் கை வைப்பார்கள். விளிம்பில் 1 கிலோ எடுப்பதும், நடுவுக்கும் விளிம்புக்கும் பாதித் தூரத்தில் 4 கிலோ எடுப்பதும் ஒன்றுதான். "ஒரே ஒரு கிலோதானே!" என்று ஏமாறக் கூடாது. பந்தய வண்டிக்கு இது நல்லது. கியர் மாற்றியதும் என்ஜின் சட்டென்று வேகம் பிடிக்க வேண்டும் அல்லவா? மலை ஏறும் வண்டிக்குப் பந்தயக் குதிரை எதற்கு? உழவு மாடுதான் வேண்டும்.

ஆபத்தும் உண்டு. வார்ப்பிரும்புச் சக்கரத்தை மெல்லியதாகச் சீவினால், சூடு ஏறி விரிசல் விடும். வேகத்தில் உடைந்தால் துண்டுகள் குண்டுபோலப் பாயும். டிரைவரின் பாதம் இருப்பது அதற்குப் பக்கத்தில்தான். அமெரிக்காவில் அதிவேகப் பந்தயக் கார்களுக்கு பிளைவீலைச் சுற்றி எஃகுக் கவசம் போடச் சொல்கிறார்கள். வேடிக்கைக்கா சொல்கிறார்கள்?

கிளட்ச் உராயும் முகத்தில் கருக்கலும் கோடும் விழுந்திருந்தால், கம்பெனி அனுமதித்த அளவுக்கு லேசாக முகம் எடுப்பது வேறு. அது ரிப்பேர். அதைச் செய்யத்தான் வேண்டும்.

மூன்றரை மின் அடுப்பு

இப்போது கிளட்சுக்கு வருவோம். பிளைவீலின் முகத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டை ஸ்பிரிங் வைத்து அழுத்துகிறது "பிரஷர் பிளேட்". பெடலை மிதித்தால் அழுத்தம் விலகும். என்ஜினும் கியரும் பிரியும். விட்டால் சேரும். பாதி மிதித்தால்? தட்டு வழுக்கும். வழுக்கினால் சூடு.

எவ்வளவு சூடு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஜிப்சி, 4 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் நிற்கிறது. டிரைவர் பிரேக் போடாமல், பாதிக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். என்ஜின் 1,500 சுற்றில் ஓடுகிறது. சாதாரண முதல் கியரில், கிளட்சுக்குள் 7 கிலோவாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். சமையலறை மின் அடுப்பு சுமார் 2 கிலோவாட். மூன்றரை அடுப்பை ஒன்றாக எரியவிட்டு, அந்தச் சூட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் அடைத்ததுபோல!

அதே ஏற்றத்தில் "லோ" கியர் போட்டால் சூடு சுமார் நாலரை கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். ஜிப்சியில் பெரிய கியருக்கும் லோ கியருக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1.6 மடங்கு. அந்தக் குச்சியைக் கம்பெனிக்காரர்கள் சும்மா வைக்கவில்லை. "டவுனில் ஓட்டுகிற மாதிரியே மலையிலும் ஓட்டுவேன்" என்கிறவருக்கு எத்தனை கிளட்ச் போட்டாலும் போதாது.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போகிறார்கள். எலும்பு கழன்றுவிடும் பாதை! அப்படிப்பட்ட பாதையில் தினமும் பிழைப்பு நடத்துகிறவருக்குக் கிளட்சுதான் சோற்றுப் பானை. அதைக் கருக்கினால் அன்றைய வருமானமும் போயிற்று, அடுத்த நாள் வருமானமும் போயிற்று.

டயர் செய்கிற வேலை

கிளட்ச் வழுக்குவதற்கு டயரும் ஒரு காரணம். ஜிப்சியின் டயர் உயரம் சுமார் 26 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போடுகிறார்கள். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் கிளட்சின் பாரம் 100-க்கு 18, 19 பங்கு கூடிவிடுகிறது. பெரிய சக்கரத்தைத் திருப்பக் கூடுதல் முறுக்கு வேண்டுமே!

இதற்குச் சரியான வைத்தியம் கியரில் இருக்கிறது. அமெரிக்காவில் சாமுராய் வண்டிக்காரர்கள் இதை வெகு நாளைக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். லோ கியரின் 2.27 விகிதத்தை எடுத்துவிட்டு, 4.16 விகிதமுள்ள பல்சக்கரங்களைப் போட்டார்கள். என்ஜின் அதேதான். பாறையில் வண்டி எறும்புபோல ஊர்ந்தது. கிளட்சுக்குக் கிட்டத்தட்டப் பாதிப் பாரம் குறைந்தது. கையில் உள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், கியருக்குச் செலவு செய்யுங்கள் என்பேன். மூக்கு அடைத்திருக்கும்போது மூக்குத்தி மாற்றி என்ன பயன்?

சரி, என்ஜினே பெரிதாகிவிட்டது. அப்போது கிளட்சும் பெரிதாகத்தான் வேண்டும். மறுக்கவில்லை. தட்டின் ஆரம் 10 சதவீதமும், ஸ்பிரிங் அழுத்தம் 20 சதவீதமும் கூடினால், கிளட்ச் தாங்குகிற முறுக்கு 32 சதவீதம் கூடும். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் பலமாக்கித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. ஜிப்சியில் கிளட்சை இழுப்பது கம்பிக் கேபிள். ஸ்பிரிங் பலமானால் பெடல் கல்லாகும். கேபிள் சீக்கிரம் தேயும், ஒருநாள் அறுந்தும் போகும். தட்டைப் பெரிதாக்கினால் கால் நோகாது. ஆகையால் பெரிய தட்டும் அதற்கேற்ற பிளைவீலும் ஒன்றாகப் போடுவதே மேல். தட்டின் நடுத் துளையில் உள்ள பல், கியர் பெட்டியின் அச்சுப் பல்லோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடையில் "எல்லாம் சேரும் சார்" என்பார்கள். சேர்த்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

கியர் பெட்டியை இறக்குவதுதான் பெரிய கூலி. இறக்கியபின் தட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடுகிறவர் இருக்கிறாரே, அவர் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறார். ரிலீஸ் பேரிங், நடு பேரிங், என்ஜின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஆயில் கசிந்து தட்டில் பட்டால் புதுக் கிளட்சும் வழுக்கும், மறுபடியும் இறக்குகூலி.

சட்டம் என்ன சொல்கிறது?

தேய்ந்த கிளட்சுக்குப் பதில் அதே அளவு கிளட்ச் போடுவதை யாரும் கேட்கமாட்டார்கள். என்ஜினையே மாற்றுவது அப்படி அல்ல. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. என்ஜின் மாற்ற அதிகாரியிடம் அனுமதி வேண்டும். கம்பெனி வகுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்ற முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் வந்து என்ஜின் நம்பரைப் பார்க்கும்போது விழிப்பதில் லாபம் இல்லை.

ஒர்க் ஷாப் பையன்களுக்காகவும் ஒரு வார்த்தை. பழைய கிளட்ச் தட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால், புற்றுநோய் பல வருஷம் கழித்துக்கூட வரும். பழைய ஜிப்சியின் கிளட்ச் மூடியைத் திறந்ததும், கறுப்புத் தூசியைக் காற்றுக் குழாயால் 'புஸ்'ஸென்று ஊதுகிறார்கள். சிலர் வாயாலேயே ஊதுகிறார்கள். ஈரத் துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று சொன்னால் பையன் கேட்பான்.