கீழ்வாசலை அடைத்துவிட்டு, மாடியில் கோட்டா இல்லை என்கிறார்கள்!

அன்பார்ந்த சுங்கை பினாங் பெற்றோர்களே!

நம் ஆற்றின் நாற்றம் உங்களுக்குத் தெரியாததல்ல. கழிவுநீரை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு காற்றைச் செலுத்த வேண்டும் என்று கணக்குப் போடுவது இரசாயனப் பொறியியல். நம் வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினையும் தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். அதுவும் இதே துறைதான். நாற்றமும் நோயும் நமக்கு, ஆராய்ச்சி மட்டும் அடுத்தவருக்கா?

படிக்கும் இடம் தூரத்தில் இல்லை. 1969-இல் பினாங்கில் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம், 2001-இல் பேராக் துரோனோவிலிருந்து நிபோங் திபாலுக்கு வந்துவிட்டது. இரசாயனப் பொறியியலில் முதுகலையும் முனைவர் பட்டமும் அங்கே உண்டு.

"மேற்படிப்புக்குக் கோட்டா கிடையாதே, தகுதி இருந்தால் வரட்டும்" என்பார்கள். ஏமாறாதீர்கள்! முதுகலைக்கு முதலில் பொறியியல் பட்டம் வேண்டும். அதற்கு மெட்ரிகுலேஷன் என்றால் ஓராண்டு, எஸ்.டி.பி.எம். என்றால் ஒன்றரை ஆண்டு. அந்தக் குறுக்குவழியில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு. மீதி 10 விழுக்காட்டில்தான் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும்! 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியபோதும் இந்த விகிதம் அசையவில்லை.

2024-இல், 10 ஏ எடுத்த எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் டியூஷனுக்கு வழியில்லாமல், அடுக்குமாடி வீட்டில் தம்பி தங்கைகளுக்கு நடுவே படித்து 7 ஏ எடுத்த பிள்ளைக்கு என்ன பதில்?

ஏழை மலாய்ப் பிள்ளையின் இடத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து இடம் கொடுங்கள் என்கிறோம். எத்தனை இந்தியர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று மெட்ரிகுலேஷன் முதல் முனைவர் பட்டம் வரை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றால் தயக்கம் ஏன்?

பெற்றோர்களே, நம் பங்கும் இருக்கிறது. படிவம் நான்கில் வேதியியலையும் கூடுதல் கணிதத்தையும் விடவைக்காதீர்கள். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள், எஸ்.டி.பி.எம். வகுப்பிலும் சேருங்கள். எஸ்.பி.எம். முடிந்த கையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்குச் சம்பளம் தேவை என்பது எங்களுக்கும் தெரியும். பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து உதவித்தொகை பெற்றுக்கொண்டே முதுகலை படிக்கும் வழியும் உண்டு. கேட்டு விசாரியுங்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை! விழித்தெழுவோம், ஒன்றுபடுவோம்!