யார் கையில் காமிரா?

ஒழுக்கக்கேடு! அருவருப்பு! தேச நிர்மாணத்துக்கு விரோதம்!

இப்படித் தீர்ப்புச் சொன்னவர் தென்னாப்பிரிக்காவின் அன்றைய கலை, பண்பாட்டு மந்திரி லுலு ஷிங்வானா. 2009 ஆகஸ்டில் ஜோஹானஸ்பர்க் நகரில் ஒரு கலைக் கண்காட்சிக்கு வந்தார். பெண்கள் ஒருவரையொருவர் தழுவி நிற்கும் புகைப்படங்களைக் கண்டார். விருட்டென்று வெளியேறிவிட்டார்.

கண்காட்சி நடந்த இடம் எது தெரியுமா? காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய சிறை வளாகம்! இன்று அங்கேதான் அரசியல் சாசன நீதிமன்றம் இருக்கிறது. யாரை நேசிக்கிறார் என்பதைக் காரணம் காட்டி எவரையும் ஒதுக்கக் கூடாது என்று உலகிலேயே முதன்முதலில் எழுதிவைத்தது அந்நாட்டுச் சாசனம். அந்தச் சாசனத்தின் வாசற்படியிலேயே அதை மிதித்துவிட்டுப் போனார் மந்திரி.

அந்தப் படங்களை எடுத்தவர் ஸனேலே முஹோலி. 1972-இல் டர்பன் அருகே உம்லாஸி என்ற கறுப்பர் குடியிருப்பில் பிறந்தவர். தாயார் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் 42 வருஷம் வீட்டு வேலை செய்தவர். ஆண், பெண் என்ற இரண்டு பட்டியலிலும் தம்மைச் சேர்த்துக்கொள்ளாதவர் முஹோலி.

2006-இல் அவர் ஒரு பெரும் வேலையைத் தொடங்கினார். ‘முகங்களும் கட்டங்களும்’ என்பது அதன் பெயரின் பொருள். பெண்ணை நேசிக்கும் கறுப்பினப் பெண்கள், பெண்ணாய்ப் பிறந்தவர் எனப் பதியப்பட்டு ஆணாய் வாழும் திருநம்பிகள், இரண்டிலும் அடங்காதவர்கள் — இவர்களின் முகங்கள். 500-க்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றிலும் நம்மை நேருக்கு நேர் பார்க்கும் கண்கள். கூடவே பெயர், ஊர், வருஷம். சிலரைச் சில ஆண்டு கழித்து மறுபடியும் எடுக்கிறார். உருவம் மாறியிருக்கும், ஆள் மாறவில்லை.

“போட்டோ சோறு போடுமா?” என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள்.

அவர்களுக்கு நாம் சொல்வது இது. நிறவெறி சர்க்கார் 1952-இல் போட்ட சட்டப்படி ஒவ்வொரு கறுப்பனும் பாஸ் புத்தகம் சுமந்தாக வேண்டும். அதிலும் போட்டோ உண்டு! கைரேகை உண்டு, எஜமானின் கையெழுத்து உண்டு. புத்தகம் கையில் இல்லையென்றால் சிறை. 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில் ஊரில் அதை எதிர்த்துக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. சர்க்கார் கணக்குப்படியே 69 பேர் மாண்டார்கள். 1986-இல்தான் பாஸ் சட்டம் ஒழிந்தது.

அந்தப் போட்டோவை எடுத்தது அதிகாரம். எதற்கு? பிடிப்பதற்கும் அடைப்பதற்கும். முஹோலி எடுக்கும் போட்டோவுக்கு நிற்பவர் தாமே சம்மதித்து நிற்கிறார். “நான் இருக்கிறேன்” என்று சொல்ல நிற்கிறார். அவர்களைப் ‘பங்கேற்பவர்கள்’ என்றே முஹோலி அழைக்கிறார். காமிரா ஒன்றுதான். அது யார் கையில், யாருக்காக என்பதே கேள்வி!

“சட்டம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன?” என்பது அடுத்த வாதம். ஒரே பாலினத்தார் மணம் செய்யும் உரிமைச் சட்டமும் 2006-இல்தான் வந்தது. அப்புறம் என்ன நடந்தது? 2008-இல் க்வாதெமா ஊரில், தேசிய அணிக்குக் கால்பந்து ஆடிய யூடி சிமெலானே பலாத்காரம் செய்யப்பட்டுக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பெண்ணை நேசித்ததை அவர் மறைக்காதவர். ஏட்டுச் சட்டம் அவரைக் காக்க வந்ததா? முஹோலியின் படங்கள் வரிசையாய்த் தொங்கும் சுவரில் சில இடங்கள் வெறுமையாய் விடப்பட்டிருக்கும். அவை மறைந்தவர்களின் இடங்கள்.

2012-இல் கேப்டவுனில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. பல வருஷப் படங்கள் பதிந்திருந்த 20-க்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகள் போயின. முஹோலி ஓயவில்லை. மறுபடி காமிராவைத் தூக்கினார்.

2020-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவர் படங்களை மாட்டியது. நல்லதுதான். ஆனால் லண்டன் சுவரில் மாட்டிய படம், க்வாதெமா தெருவில் இரவில் வீடு திரும்புகிறவருக்குக் காவல் ஆகிவிடாது. அங்கே பக்கத்து வீட்டாரும் உடன் உழைப்பவரும்தான் துணை நிற்க வேண்டும்.

தோழர்களே! மஸ்டர் ரோலில் பேர் ஏறாதவனுக்குக் கூலி உண்டா? கணக்கில் வராத ஆளை எந்த மேஸ்திரியும் விரட்டலாம், அடிக்கலாம், கேட்பாரில்லை. இது நமக்குத் தெரியாததா? முஹோலி எழுதுவதும் ஒரு மஸ்டர் ரோல்தான். பேரோடு, ஊரோடு, முகத்தோடு.

தேச நிர்மாணம் என்று பேசும் மந்திரிகளைக் கேளுங்கள்: 42 வருஷம் பிறர் வீட்டில் உழைத்தவளின் பிள்ளைக்கு அந்தத் தேசத்தில் இடம் உண்டா, இல்லையா?