மாடி அறையை மறைக்காமல் விற்க வழி வேண்டும்

"மாடியைப் பத்தி நீங்களா வாயைத் தொறக்காதீங்க சார். பத்திரத்துல கீழ் வீடு மட்டும் போட்டுக்கலாம்" என்றார் தரகர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் புதூர்நாட்டுக்காரன், ஜவ்வாது மலையில் பிறந்து அங்கேயே ஆசிரியராக இருப்பவன். சாமையும் புளியும் விற்றுச் சேர்த்த காசில், எங்கள் படிப்புக்காக 1998இல் திருப்பத்தூரில் அப்பா ஒரு சின்ன வீடு வாங்கினார். முறையாக அனுமதி பெற்றுக் கட்டிய, 600 சதுர அடி தரைத்தள வீடு. 2011இல் தங்கையின் குடும்பம் தங்குவதற்காக மாடியில் ஓர் அறையும் கழிப்பறையும் எழுப்பினார். அதற்கு அனுமதி வாங்கவில்லை. மலையில் வீட்டை ஒட்டி ஒரு பத்தி இறக்க யாரிடமும் பிளான் கேட்டதில்லை. கீழேயும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். தவறுதான், ஆனால் அதில் வஞ்சகம் இல்லை.

இன்று அப்பா இல்லை. அம்மாவின் மருத்துவத்துக்காக வீட்டை விற்கிறோம். வாங்க வந்த இளம் தம்பதியிடம் அட்வான்ஸ் வாங்கும் முன்பே உண்மையைச் சொன்னேன். படிக்கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதற்குத் தாள் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை, வாங்குபவரால் சாதாரணக் கவனத்தில் கண்டறிய முடியாததென்றால், சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. எங்கள் மலையில் இதற்குச் சட்டம் தேவையில்லை. கண் தெரியாத மாட்டை மறைத்து விற்றவனிடம் மறுபடி யாரும் மாடு பிடிக்க மாட்டார்கள்.

கடனுக்காக வங்கி அனுப்பிய இன்ஜினியர் டேப் பிடித்து அளந்துவிட்டு பிளானை விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்த நீலத் தாள். அதன் ஓரத்தில், கொத்தனாருக்குக் காட்ட அப்பா பென்சிலில் போட்ட ஒன்பது படிகள். இன்ஜினியர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். "இதுக்கு மதிப்புப் போட முடியாது சார்" என்றார். தரைத்தளத்துக்கு மட்டுமே கடன். விலையைக் குறைத்தேன், மாடிக்கு அனுமதி இல்லை என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதினோம்.

தரகர் சொன்னபடி மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்றிருக்கையில், மாடியை விட்டெழுதுவது அரசை ஏமாற்றுவது. அந்தத் தம்பதி நாளை விற்கப் போகும்போது இதே சிக்கல் அவர்கள் தலையில் விடியும்.

பொய்க்கு இத்தனை சுலபமான பாதை இருக்கும்போது, உண்மைக்கு ஏன் ஒன்றும் இல்லை? 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதி வகுத்தது. விதிமீறிய கட்டடங்களுக்கான, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவோ 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றோடு நின்றுவிட்டது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது இனிமேல் கட்டுகிறவர்களுக்கு. நடுவில் கட்டிய எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

கண்ணை மூடிக்கொண்டு மன்னிக்கச் சொல்லவில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 61 உயிர்களைப் பறித்த அடுக்குமாடி, அனுமதி பெற்ற கட்டடம். தாள் கூரையைத் தாங்காது. தூணைத்தான் பார்க்க வேண்டும். எனவே, அதே 2,500 சதுர அடி வரம்புக்குள் உள்ள பழைய வீடுகளில் சேர்த்த ஒரு மாடிக்கு, பதிவுபெற்ற பொறியாளர் உறுதியைச் சோதித்துச் சான்று தரட்டும். பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் நியாயமான கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தட்டும். உறுதியில்லாததை இடிக்கச் சொல்லட்டும். முதல் ஆளாக நான் இடிப்பேன்.

அந்த நீலத் தாளை வீடு வாங்கியவர்களிடம் கொடுத்துவிட்டேன். பென்சில் கோட்டை அழிக்கவில்லை. அவர்கள் விற்கும் நாளிலாவது அந்த ஒன்பது படிகளுக்கு ஒரு முத்திரை கிடைக்க வேண்டும்.