வசூல் சரி, இரண்டாவது வாசல் எங்கே?

மலேசியப் பள்ளிகளில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரம் 2023 நவம்பர் 3-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கான கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்ததும் தொடங்கிய தொலைபேசி அழைப்புகள் மட்டும் அதன் பிறகும் ஓயவில்லை. பேராக்கில் புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட் என்று எங்கிருந்து அழைத்தாலும் பாலர் பள்ளி ஆசிரியைகள் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான். உண்டியல் வைக்கலாமா? நான்கு வயதுப் பிள்ளையிடம் போரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? தலைமையாசிரியர் ஒன்று சொல்கிறார், பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறொன்று சொல்கிறது, நம் இதழ் என்ன சொல்கிறது? ஈப்போ ஜெலாப்பாங்கில் உட்கார்ந்துகொண்டு காஸாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கில்லை. பாலர் வகுப்பைப் பற்றிச் சொல்ல உண்டு.

முதலில் பொம்மைத் துப்பாக்கி. அந்த வாரத்தையொட்டிப் பள்ளிகளில் எடுத்த காணொளிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர்களே ஆயுத வேடம் கட்டி வந்தார்கள். காணொளிகள் பரவி, ஊர் இரண்டுபட்ட பிறகே ஆயுத மாதிரிகள் கூடாது என்று வழிகாட்டி வெளிவந்தது. சுற்றறிக்கையும் வழிகாட்டியும் ஒரே உறையில் வந்திருந்தால் அந்த ஆசிரியர்களுக்கும் தலைக்குனிவு இல்லை, பெற்றோருக்கும் பதற்றம் இல்லை. தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் போர் வேடத்துக்கு இடம் கிடையாது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

உண்டியல் வைக்கலாம். கட்டாயப்படுத்தக் கூடாது. எந்தப் பிள்ளை எவ்வளவு போட்டது என்று வகுப்பில் படிக்கக் கூடாது. ரசீது வேண்டும். இதுவும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் வசூலான பணம் எதற்குப் போகிறது என்று எந்தப் பள்ளியாவது கேட்டதா? அமைச்சாவது சொன்னதா? 'போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு' என்பது ஒரு விலாசம் மட்டுமே. அந்தக் குழந்தைக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்பது நம் பாலர் கல்வித் துறைக்கு உள்ளே வரும் கேள்வி. குண்டு விழும் ஊரில் பாலர் பள்ளியின் முதல் தளவாடம் புகலிடம்தான்.

காஸாவில் பொதுமக்களுக்கென்று கட்டிய குண்டுப் புகலிடங்கள் கிடையாது. 2023 போரில் ஐக்கிய நாடுகளின் நிவாரண முகமை நடத்திய பள்ளிக்கூடங்களே புகலிடமாகிவிட்டன. பலகையை ஓரமாகச் சாத்திவிட்டு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள் முடங்கிக் கிடந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், இஸ்ரேலில், 1990-களின் தொடக்கத்திலிருந்து புதுக் கட்டடம் எதுவானாலும் காப்பறை கட்டாயம் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குள்ளேயும் ஓட்டை உண்டு. நெகேவ் பாலையில் அரசு அங்கீகரிக்காத பெதுவின் கிராமங்கள் வரைபடத்திலேயே இல்லை; வரைபடத்தில் இல்லாததால் காப்பறையும் இல்லை. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஏவுகணைகள் விழுந்து அங்கே குழந்தைகள் செத்தார்கள். அரசாங்கத்தின் பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளையைக் காப்பாற்றும் வேலை எப்போதும் தர்மக்காரர்களின் தலையில்தான் வந்து விழுகிறது. இது எந்த மதத்தாருக்கும் எந்த நாட்டாருக்கும் மட்டும் உரிய கதை அல்ல.

உக்ரைனில் 2022-இல் போர் மூண்ட பிறகு நடப்பதை நம் துறையினர் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். புகலிடம் இல்லாத பள்ளியில் நேரடி வகுப்பு நடத்தக்கூடாது. புகலிடம் எத்தனை பேரைக் கொள்ளுமோ அத்தனை பேர்தான் ஒரே வேளையில் பள்ளிக்குள் இருக்கலாம். மிச்சப் பேர் அடுத்த வேளைக்கு, இல்லையென்றால் கணினி முன்னால். கார்கிவ் நகரில் 2023 செப்டம்பரில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள்ளேயே வகுப்பறைகளைத் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மண்ணுக்கடியில் படிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலும் 1939-இல் இதே கதைதான்: காப்பிடம் கட்டிய அளவுக்கே பள்ளி திறந்தது, பிள்ளைகள் முறை வைத்து வந்தார்கள். விதி அரசாங்கத்தினுடையது. அந்த விதியை நிறைவேற்ற வேண்டிய பெஞ்சு, மின்னாக்கி, காற்றாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் ஒரு பங்கு தொண்டு அமைப்புகளின் பணம்.

இங்கேதான் தர்மத்தின் குணம் தெரிகிறது. கொடுப்பவருக்குப் படம் வேண்டும். சுவரில் பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்த புகலிடம், மெத்தை விரித்த மூலை, வண்ண நாற்காலி எல்லாம் படத்தில் நன்றாக விழும். காற்றுப் போக்கி விழாது. கழிப்பறை விழாது. இரண்டாவது வெளிவாசல் கட்டாயம் விழாது, அது பின்பக்கம் இருட்டில் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து பிள்ளைகளையும் இரண்டு பெரியவர்களையும் மூடிய அறைக்குள் இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். முதல் அரை மணியில் ஒரு பிள்ளைக்குச் சிறுநீர் வரும். அடுத்து காற்று கனக்கும். முன்வாசலில் இடிபாடு விழுந்தால் பட்டாம்பூச்சி பறந்து வந்து யாரையும் வெளியே இழுத்துப் போடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். புகலிடத் தளவாடத்தில் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லத் தமிழனுக்குக் கார்கிவ் வரை போக வேண்டியதில்லை. போர்க்காலத்தில் இலங்கையின் வன்னிப் பள்ளிகளில் பதுங்கு குழி இருந்தது. வகுப்பறைக்குப் பக்கத்திலேயே ஆளுயரத்துக்குக் குழி. மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை ஏற்றியிருப்பார்கள். வெடியின் அதிர்வும் சிதறலும் நேர்கோட்டில் பாயாமல் இருக்க வாசலிலிருந்து உள்ளே ஒரு திருப்பம் வைப்பார்கள். அரசின் கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் ஓட வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே முழங்கால் தண்ணீர், சில நாள் பாம்பு. பிள்ளைகள் குண்டுக்குப் பயந்து இறங்குவதா, பாம்புக்குப் பயந்து மேலேயே நிற்பதா என்று தவித்ததை அங்கே படிப்பித்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏன் கான்கிரீட்டில் கட்டவில்லை? சிமெண்டும் இரும்பும் தடைப் பட்டியலில் இருந்தன. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிக்குள் அவற்றைக் கொண்டுபோக அரசு அனுமதிக்கவில்லை. பதுங்கு குழி கட்டுவார்கள், போர்க்காரர்களுக்குப் போகும் என்று காரணம் சொன்னார்கள். போர்க்காரர்களுக்குப் போனதோ இல்லையோ, பள்ளிக்குப் போகவில்லை.

1995 செப்டம்பர் 22-ஆம் தேதி யாழ்ப்பாணம் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மேல் குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டார்கள். 2006 ஆகஸ்ட் 14-இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள். இரண்டு இடத்திலும் அரசுத் தரப்பு ஒரு விளக்கம் சொன்னது, பெற்றோர் வேறு சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் அந்த வழக்கை நாம் நடத்தப் போவதில்லை. அந்த ஆண்டுகளில் நம் மலேசியத் தமிழர்களும் அங்கே பணம், பால்மாவு, துணி அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் எத்தனை பேர் 'பதுங்கு குழியில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டக் கூலி' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்? நமக்குத் தோன்றியிருக்காது. கேட்டும் இருக்க மாட்டோம்.

நம் ஊரும் குண்டு பார்த்த ஊர்தான். 1941 டிசம்பர் 11-ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஜப்பானிய விமானங்களைச் சனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடி ஒளியச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை, ஒளிய இடமும் போதவில்லை. சில நாளில் வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றினார்கள். அதே டிசம்பரில் ஈப்போவிலும் குண்டு விழுந்தது. மாதம் முடிவதற்குள் நகரம் ஜப்பானியர் கையில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பதுங்குமிடம் கட்டித் தர எந்தத் துரை இருந்தார்? 1912 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வைத்தார்கள், கொட்டகையில். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது, செலவு மிச்சமானது. இந்தப் பழக்கம் அந்தக் காலத்தோடு போய்விட்டதா என்பதே இனி நம் பேச்சு.

முன்பு ஒருமுறை ஈப்போ வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளிக்குப் போயிருந்தோம். தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தமிழ்ப் பள்ளிக் கட்டடத்தின் ஓரத்தில் ஒரே அறை. முன்கதவு இரும்புக் கம்பி, பூட்டும் உண்டு. பின்கதவுக்கு முன்னால் கூரை வரை அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கொடையாளர் பெயர், ஆண்டு, 'அன்பளிப்பு' என்று சிவப்பு எழுத்து. நாற்காலி தேவைக்கு அதிகம். வைக்க வேறு இடம் இல்லை. ஆசிரியையைக் குறை சொல்லத் தோன்றவில்லை. "நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தா அடுத்த வருஷம் எதுவுமே தர மாட்டாங்க" என்றார். தீயணைப்பு மீட்புத் துறையின் ஆதரவுக் கடிதம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. கடிதம் வாங்கிய நாளில் பின்கதவு திறந்திருக்கும், சந்தேகமில்லை.

இந்த இதழ் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருவதும், சொல்லிச் சொல்லி வாசகர் சிலருக்கு அலுத்துப்போனதும் இதுதான்: நம் பாலர் வகுப்புகளின் பாதுகாப்புத் தளவாடம் எவருடைய பட்ஜெட்டிலும் இல்லை. பகுதி உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளம் அரசினுடையது, கட்டடத்தின் கவலை பள்ளி வாரியத்தினுடையது. நிலம் தோட்டத்தினுடையதானால் கேட்கவே வேண்டாம். சங்கம் நடத்தும் பாலர் பள்ளிக்கு மானியம் வந்தால் பாடப் பொருளுக்கு வரும், சாப்பாட்டுக்கு வரும். அவசர விளக்குக்கும் பின்கதவுக்கும் ஒரு பத்தி கிடையாது. பதிவுக்கு நகராண்மைக் கடிதம் கேட்பார்கள், சுகாதாரக் கடிதம் கேட்பார்கள், தீயணைப்புக் கடிதம் கேட்பார்கள். கேட்டதைச் செய்ய காசு எங்கே என்று நாம் கேட்டால், கொடையாளரைப் பாருங்கள் என்பார்கள். ஓர் அலுவலகத்துக்கு இதைப் பற்றி எழுதினோம். பதில் வந்தது. 'உள்ளூர்ச் சமூகத்தின் பங்களிப்பை ஊக்குவிக்கவும்' என்றது. உள்ளூர்ச் சமூகம் நாற்காலி வாங்கித் தருகிறது, ஐயா. கொஞ்சம் அதிகமாகவே வாங்கித் தருகிறது.

வெள்ளக் காலத்தில் பள்ளி மண்டபம் தற்காலிக நிவாரண மையமாகும்போது மட்டும் அந்தக் கட்டடம் நாட்டின் சொத்து. பாய் வருகிறது, கூடாரம் வருகிறது, பால்மாவு வருகிறது, அமைச்சரும் வருகிறார். தண்ணீர் வடிந்ததும் அதே கட்டடம் மறுபடியும் வாரியத்தின் பாடு. வசூல் செய்யச் சுற்றறிக்கை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, வகுப்புக்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா என்று ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்பத் தெரியாதா? தெரியும். அனுப்பினால் 'இல்லை' என்று பதில் வரும். அப்புறம் அதற்குச் செலவழிக்க வேண்டும். அதனால் அனுப்புவதில்லை.

தூரத்துக் குழந்தைக்காக வசூலிப்பதை நிறுத்தச் சொல்கிறோமா என்று யாரும் அவசரப்பட வேண்டாம். வசூலியுங்கள். பணத்தோடு பள்ளியின் பெயரில் ஒரு கடிதம் வையுங்கள்: எங்கள் பங்கு கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் விளக்குக்கும் போகட்டும், வண்ணம் பூச வேறு யாராவது தருவார்கள் என்று. கேட்கிறார்களோ இல்லையோ, எழுதி வைத்ததற்குக் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை வரும். பிள்ளைகளிடம் போரைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம். 'அங்கே சத்தம் பயங்கரமாக இருக்கிறது, பெரியவர்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள்' என்பது ஐந்து வயதுக்குப் போதும். 'நம்மையும் யார் கூட்டிப் போவார்கள், எந்த வழியாக?' என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கும். அதற்குப் பதில் நம் கையில் இருக்க வேண்டும்.

தீபாவளி விடுப்பு முடிந்து வந்த முதல் வாரத்தில் ஒத்திகை ஒன்று நடத்துங்கள். சைரன் வேண்டாம், விசில் போதும்; பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்தும் பிள்ளைகள் உண்டு. பின்கதவு வழியாக எல்லோரும் வெளியே வந்து, பெயர் கூப்பிட்டு முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்கதவே இல்லையென்றாலும் திறக்க முடியவில்லையென்றாலும் அதையும் எங்களுக்கு எழுதுங்கள். பள்ளியின் பெயரை வெளியிட மாட்டோம். அடுத்த இதழில் உங்கள் பதில்களைப் பட்டியலாக அச்சிட்டு, அதன் படியை அமைச்சுக்கும் மாநிலக் கல்வி இலாகாவுக்கும் இந்த இதழின் கடிதத்தாளில் அனுப்பி வைப்போம்.