கப்பல் தளம் வந்தால் யாருக்கு வேலை?

ஒண்டிக்கடைப் பக்கம் காலையில் டீ குடிக்கிற எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நாளாகத் தூத்துக்குடிதான் பேச்சு. கொச்சின் ஷிப்யார்டும் மும்பை மசகான் டாக்கும் அங்கே தலா 15,000 கோடி ரூபாயில் கப்பல் கட்டும் தளம் அமைக்கப் போவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்ததே, அதுதான். "1906லேயே வ.உ.சி. கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச ஊருய்யா! இனிமே அந்தக் கரைப் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை" என்றார் நண்பர். நான் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கான பதில் இது.

மலைக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். தபால் இலாகாவில் என் கடைசி சில வருடங்கள் மீஞ்சூர் பக்கம் கழிந்தன. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் தளம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். கப்பல் மட்டுமல்ல, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கான இரும்புக் கட்டுமானங்களும் அங்கே தயாராகின்றன. 2022இல் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' கப்பலே பழுதுபார்க்க அங்கு வந்தது. பெருமையான விஷயம்தான்.

ஆனால் என் ஜன்னலுக்கு முன்னால் நின்ற வரிசை வேறு கதை சொன்னது. சம்பள நாளுக்கு மறுநாள் மணியார்டர் அனுப்ப வெல்டர், ஃபிட்டர் பையன்கள் வருவார்கள். முகவரியெல்லாம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, பெற்றவளுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளைகள். அந்தத் தொழில் அப்படி. ஒரு பெரிய ஆர்டர் வந்தால் நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், முடிந்தால் வேண்டாம். குழாய் வெல்டிங்கில் 6ஜி என்று கஷ்டமான ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறினவனைத்தான் தேடிப் பிடிப்பார்கள், அவன் தளம் தளமாகப் போய்க்கொண்டே இருப்பான். நேற்றுவரை வலை இழுத்தவன் இன்று போய் அந்த வேலையில் நிற்க முடியாது.

வலை இழுப்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் அதைப் 'பாடு' என்பார்கள். இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று ஊர்க்கூட்டமே முறை வைத்துக் கொடுக்கும். அந்த உரிமை அப்பனுக்குப் பின் பிள்ளைக்கு வரும். கம்பெனி வேலை அப்படி வராது. "வீட்டுக்கு ஒரு வேலை" என்று சொல்லும்போது இந்த வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கரையில் நிரந்தர வேலை கேட்டு மீனவர்கள் போராடிய செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாடுதான் ஞாபகம் வரும்.

ஆர்.டி. கட்ட வருகிற மீன்கார அம்மா ஒருவர் ஒருநாள் சொன்னார்: "வூட்டுக்காரருக்கு வேலை தரேன்றாங்க சார். நான் கூடையில வித்த காசுக்கு யாரு சார் கணக்கு?" துறைமுகம், அனல்மின் நிலையம் என்று அங்கே கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கூடைக் காசுக்கு எங்கேயும் கணக்கில்லை என்பது மட்டும் தெரியும்.

நம் சேர்வராயன் மலையிலும் இதைப் பார்த்தவர்கள்தானே நாம்? மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டினார்கள். செம்மண் படிந்த லாரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பிறகு ஆலையும் நின்றது, வெட்டுவதும் நின்றது. இன்றைக்கும் மலையில் கூலி கொடுப்பது காபியும் மிளகும்தான்.

அதற்காகத் தூத்துக்குடியில் தளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே அந்தச் சுற்றுவட்டார ஐ.டி.ஐ.களில் கப்பல் வெல்டிங் வகுப்பு தொடங்கட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து உட்கார வைக்கட்டும், பெண் பிள்ளைகளையும் சேர்த்து. எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், படகு போகும் வழி எது என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். நிலத்துக்கு விலை பேசும்போது மீன் கூடைக்கும் பேசட்டும்.

நண்பர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சண்டைக்கு வருவார். வரட்டும், டீ வாங்கித் தருவது அவர் முறை.