நின்று துடுப்புப் போடுவோம்

கடல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை நல்லவை அல்ல. போர்க்காலத்தில் தொழிலுக்குச் சென்று திரும்பாதவர்கள், மீன்பிடித் தடைகள், 2004 மார்கழி 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை. அந்த அனர்த்தத்தில் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள். நீந்தத் தெரியாமை, மரமேறத் தெரியாமை, பிள்ளைகளைத் தேடி நின்றமை எனப் பின்னர் காரணங்கள் கூறப்பட்டன. நீந்தத் தெரியாமை பெண்ணின் பிறவிக் குறை அன்று. யாரும் பழக்காமல் விட்ட குறையே. ஆகவே, கடலோரப் பெண் நீரோடு பழகுவது ஆடம்பரமா, அவசியமா என்ற கேள்வியை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

கடந்த வைகாசியில் நாங்கள் ஒன்பது பெண்கள் பாசிக்குடாவுக்குச் சென்றோம். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். முருகைக்கற்பார் அலையைத் தடுப்பதால் குடாவின் உள்ளே நீர் குளம்போலக் கிடக்கும். வழிகாட்டிகள் இருவரின் துணையோடு, பலகையில் நின்று துடுப்புப் போடுவதே அன்றைய பயணம். ஹவாய்த் தீவுகளின் வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்குப் பழக்கியவர்களிடமிருந்து பரவிய வழக்கம் இது. நமக்கோ முற்றிலும் புதிதல்ல. வாவியில் தோணியில் நின்றபடி கம்பூன்றிச் செல்பவர்களைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்! நின்றவர்கள் ஆண்கள் என்பதுதான் வேறுபாடு.

பலகை பத்தடி நீளம் இருக்கும். துடுப்பு நமது தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். முதலில் மிதப்பு அங்கி அணிவித்தார்கள். பிறகு பலகையோடு கணுக்காலை இணைக்கும் கயிற்றைக் கட்டினார்கள். இடுப்பளவு நீரில் பலகையின் நடுவில் முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டுப் பழக வேண்டும். சமநிலை வந்ததும் ஒவ்வொரு காலாக ஊன்றி எழ வேண்டும். பாதங்களை அகற்றி, முழங்கால்களைச் சற்று மடித்து, பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். காலைப் பார்த்தால் விழுவோம். விழும்போது பலகையை விட்டு விலகித் தட்டையாக விழ வேண்டும். அடியில் முருகைக்கல் இருப்பதால் தலைகீழாகப் பாயவே கூடாது. விழுந்தபின் பலகையை விட்டுவிட்டு நீந்தப் புறப்படக் கூடாது. அதுவே நம்மைத் தாங்கும் மிதவை.

எல்லோரும் விழுந்தோம், எல்லோரும் சிரித்தோம். ஒரு சகோதரி மட்டும் நீரில் இறங்கவில்லை. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. கரையிலிருந்து எங்கள் செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டார். அச்சம் ஒரே நாளில் போக வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆழிப்பேரலையில் தாயைப் பறிகொடுத்த ஓர் அக்கா நெடுநேரம் முழந்தாளிலேயே துடுப்புப் போட்டார். பிறகு மெதுவாக எழுந்து நின்றார். "இவ்வளவு வருஷமாக் கரையில நிண்டுதான் கடலுக்கு ஏசினன்" என்றார். சற்று நேரத்தில் அவரே வழிகாட்டியைக் கூப்பிட்டு, "தம்பி, கச்சான் எழும்புது. திரும்புவம்" என்றார். அவரது தகப்பனார் கடற்றொழிலாளி. வழிகாட்டியும் காற்றைக் கவனித்துவிட்டு, "அம்மா சொல்றது சரி" என்று எல்லோரையும் கரைக்குத் திருப்பினார்.

இந்த விடயத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகவே தெரியும். ஆனால் நிற்பவரின் உடல் பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்க, பலகை வெளியே இழுபட்டுப் போகும். அவ்வேளை முழந்தாளிட்டோ படுத்தோ கரையை நோக்கித் துடுப்புப் போட வேண்டும்.

"கணவனை இழந்தவளுக்கு இந்த விளையாட்டு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துக்கத்துக்கு எல்லை வைக்க நாம் யார்? அதுபோலவே, ஒரு பெண்ணின் சிரிப்புக்கு எல்லை வைக்கவும் எவருக்கும் உரிமை இல்லை. அறுகங்குடாவில் 2018இல் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. ஊர் வாய்க்கு அஞ்சாமல் அதில் சேர்ந்தவர்களில் பிள்ளை பெற்ற தாய்மாரும் உண்டு. உல்லாசப் பயணிகளை நம்பி வளரும் நமது கரைகளில் வழிகாட்டும் தொழிலும் ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கத் தேவையில்லை.

மாதர் சங்கங்கள் இவ்வாறான பயணத்தை ஒழுங்கு செய்வதானால் சிலவற்றைக் கவனியுங்கள்:

* கிழக்கில் சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியானது. வாடைக்காற்றுக் காலத்தில் வேண்டாம். காற்று எழுமுன் காலையிலேயே தொடங்குங்கள்.
* நீந்தத் தெரியாதவர் யார் என்பதை வழிகாட்டிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.
* மிதப்பு அங்கி இல்லையென்றால் இறங்காதீர்கள். ஆழம் குறைந்த குடா என்பதால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம்.
* சேலையும் துப்பட்டாவும் காலைச் சுற்றும். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். நமது மரியாதைக்கும் அதனால் குறைவில்லை.
* மகள்மாரையும் கூட்டிச் செல்லுங்கள்.

கடலை மன்னிக்கும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. கடலோரத்தில் வாழ்கிறோம், நாளையும் வாழப்போகிறோம். அதனால் நீரில் மிதக்கத் தெரிந்திருப்பது நமது பாதுகாப்பு. உங்கள் ஊரில் பெண்கள் நீந்தப் பழக வசதி உண்டா? இல்லையென்றால் தடையாக இருப்பது எது? எழுதுங்கள், சகோதரிகளே. அடுத்த மாதம் அதைப் பற்றிக் கதைப்போம்.